சனிக்கிழமை ஆறு மணி

ஹெல்சிங்கியை விட்டே போய்விடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு முடிவெடுத்தேன். சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் அறையில், உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்பும் கல் இன்னும் சரியாகச் சூடேறவில்லை. எனக்கு ஏறிவிட்டது.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடித்தளத்தில் ஒரே ஒரு சவுனா. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி என்று கதவில் ஒரு பட்டியல் தொங்கும். அதில் சனிக்கிழமை ஆறு மணிதான் சிம்மாசனம். எனக்கு வாய்த்தது செவ்வாய் நாலரை.

முப்பத்தொரு வருடம் காத்திருந்தேன். சனி ஆறு மணிக்காரர் தொண்ணூற்றிரண்டு வயதில் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு முதல் ஆளாக நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் பட்டியலில் இரண்டாம் மாடி ரைமோவின் பெயர். குடிவந்து மூன்றே வருடம் ஆனவன். நான் கல்லறையில் மண் போட்ட நேரத்தில் அவன் கட்டட நிர்வாகியைப் பார்க்கப் போயிருக்கிறான்.

அதிலிருந்து பன்னிரண்டு வருடம் அவனோடு பேச்சில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டால் சுவரைப் பார்ப்பேன்.

டிராம் பட்டறையில் ஓய்வு கொடுத்ததும் ஏரிக்கரையில் ஒரு மரவீடு பார்த்தேன். தனி சவுனா, விறகு அடுப்பு. பட்டியல் மாட்டக் கதவில் ஆணிகூட இல்லை. என் மனைவி இர்மெலியைக் கிளப்புவதுதான் பாக்கி.

"நான் வரல."

"ஏன்?"

"என் கூட்டாளிங்க எல்லாம் இங்க இருக்காங்க. அந்தக் காட்டுல யாரு இருக்கா?"

"நான் இருக்கேனே."

"அதைத்தான்யா நானும் சொல்றேன்."

வேறு வழியில்லாமல் ஒரு பொய் சொன்னேன். "கட்டடம் பூரா தண்ணிக் குழாயை மாத்தப் போறாங்களாம். ஆறு மாசம் சொட்டுத் தண்ணி வராது." எங்கள் ஊரில் இதைக் கேட்டால் நல்ல தைரியசாலியே வெளிறிப் போவான்.

"யாரு சொன்னது?"

"நிர்வாகி. நேத்து, படிக்கட்டுல."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவம்" என்றாள்.

"யாரு?"

"எல்லாரும்தான்." பெட்டி கட்டப் போய்விட்டாள். நானே என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

புது வீட்டில் முதல் சனிக்கிழமை. காலையிலிருந்து விறகு பிளந்தேன். ஏரியிலிருந்து இருபது வாளி தண்ணீர் சுமந்தேன். உடம்பில் தட்டிக்கொள்ள பிர்ச் மரத்து இலைக் கொத்து கட்டினேன். சரியாக ஆறு மணிக்குத் தோளில் துண்டோடு இறங்கி நடந்தேன். நாற்பத்து மூன்று வருடக் கனவு.

ஒரு கார் வந்து நின்றது. ரைமோ இறங்கினான். பின்னாலேயே அவன் மனைவி. இரண்டு பேர் தோளிலும் துண்டு.

"இர்மெலிதான் கூப்பிட்டாங்க. குழாய் வேலை முடியற வரைக்கும் வாராவாரம் வரச் சொன்னாங்க."

இர்மெலியைத் திரும்பிப் பார்த்தேன்.

"தண்ணி இல்லாம தவிப்பாங்கன்னு நீதானேய்யா சொன்ன? அதான் எல்லாருக்கும் ஃபோன் போட்டேன்." முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. "தண்ணி வருதுன்னா சொல்லு, இப்பவே திருப்பி அனுப்பிடறேன். அப்புறம் நாம எதுக்கு இங்க வந்தோம்னு உக்காந்து பேசுவோம்."

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக ரைமோவிடம் வாயைத் திறந்தேன். "நிஜமாவே தண்ணி வரலையா?"

"ஒரு சொட்டு இல்ல" என்றான். தலைமுடி ஈரமாக இருந்தது. ஷாம்பு வாசனை என் மூக்கு வரை வந்தது. அவன் மனைவி ஏரியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு மாசம்னு சொன்னியாமே? எனக்கென்னவோ ஒரு வருஷம் இழுக்கும்னு தோணுது."

உள்ளே போனார்கள். விறகுக் குவியல் மேல் உட்கார்ந்தேன். நான் சுமந்த தண்ணீர் நான் சூடாக்கின கல்லில் விழுந்து சீறுவதைக் கேட்டேன். நாலாம் மாடிக்காரர்களின் காரும் வந்து சேர்ந்தது.

இர்மெலி சுத்தியலும் ஒரு தாளும் கொண்டு வந்தாள். "சண்டை வரக் கூடாது பாரு" என்று சவுனாக் கதவில் ஆணி அடித்தாள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். சனி ஆறு மணி, ரைமோ. ஏழு மணி, நாலாம் மாடி. ஞாயிறு பூராவும் அவளுடைய கூட்டாளிகள். என் பெயர் எங்கே என்று தேடிக்கொண்டே போனேன். கடைசி வரியில், அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தது.

செவ்வாய், நாலரை.