குல்லாக்காரர் தர மறுத்த மணி

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களைத் துரத்துவதையே தொழிலாக வைத்திருப்பவர் நீலகிரி முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். குன்னூர் கடைவீதியில் பழைய சாமி சாமான்கள் விற்கும் குல்லாக்காரர். "விற்கும்" என்பது அவர் போர்டில் இருக்கிற வார்த்தை. அதற்கு நான் பொறுப்பல்ல.

தான் போட்டிருப்பது போலவே மரப் பிள்ளையாருக்கும் மங்கி குல்லா மாட்டியிருப்பார், தும்பிக்கைக்குத் தனி ஓட்டையோடு. மாதா சொரூபத்துக்குச் சால்வை. "நமக்கே பல்லு கிட்டிக்குது, அவங்களுக்குக் குளிராதுங்களா?" என்பார். ஒருமுறை சென்னைத் தம்பதி ஒன்று பிள்ளையாரை விலை கேட்டது.

"எங்கீங்க வைப்பீங்க?"

"ஹால்ல சார், டி.வி. பக்கத்துல."

"செருப்பு ஸ்டாண்டு எத்தனை அடி தூரமுங்க?"

அந்த அம்மா யோசித்தார். அவ்வளவுதான், பிள்ளையார் குன்னூரிலேயே தங்கிவிட்டார்.

இந்த மனிதரிடம்தான் எங்கள் அருவங்காடு மாதா கோயில் மணி போய்ச் சேர்ந்தது. காரணம் அடியேன். வெள்ளையடிக்க இறக்கிய மணியைச் சாக்கில் சுற்றி, பழைய ஜன்னல் கம்பிகளோடு வைத்தேன். காயலான்கடைக்காரர் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய், மணியை மட்டும் குல்லாக்காரரிடம் தள்ளிவிட்டார். திருவிழாக் கொடியேற்றத்துக்குப் பத்தே நாள். மணி வராவிட்டால் ஊரில் நான் தலைகாட்ட முடியாது.

திருப்பிக் கேட்கப் போனபோது, குல்லாக்காரர் அதை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"இதை யாரு அடிக்கறது?"

"நான்தானுங்க, இருபது வருசமா."

"அடிங்க பாக்கலாம்."

பதற்றத்தில் நான் இழுத்த இழுப்பில் பக்கத்து பேக்கரிக்காரர் தீப்பிடித்துவிட்டதென்று தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்.

"ஏனுங்க, இது கூப்பிடறதா, வெரட்டறதா? நாளைக்கு வாங்க."

தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய் அடித்தேன். "அவசரம்", "கோவம்", "தூக்கம்" என்று ஒற்றைச் சொல்லில் ஃபெயிலாக்கினார். ஐந்தாம் நாளிலிருந்து பேக்கரிக்காரர் என் மணியைக் கேட்டு அடுப்பிலிருந்து பன் எடுக்க ஆரம்பித்தார். ஏழாம் நாள் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. 'மாதாவே, நீயாவது வாம்மா' என்று மெல்ல இழுத்தேன்.

குல்லாக்காரர் குல்லாவைக் கழற்றினார். அவர் தலையை அன்றுதான் பார்த்தேன்.

"இப்பத்தானுங்க கூப்பிட்டிருக்கீங்க. எடுத்துட்டுப் போங்க."

கொடியேற்றத்தன்று பார்த்தால், நெற்றி நிறைய விபூதியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

"கூப்பிட்டீங்க, வந்தேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரால் வர முடிவதில்லை. கடையில் ஆட்களைத் துரத்தும் வேலை அதிகம். என் மணிச்சத்தம் குன்னூர்வரை எட்டாது. தெரிந்தும், கடைசியில் ஒரு தடவை அவருக்கென்று மெல்ல இழுக்கிறேன்.