கம்பளித் துணிக்கு வந்த யோகம்

பக்கத்துக் கடையில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டதிலிருந்தே சுயம்புலிங்கத்துக்கு மனசு சரியில்லை. மாணிக்கவாசகம் காரணமில்லாமல் ஆணி அடிக்கிற ஆள் இல்லை.

"தேசப்பா, அங்க என்னத்த அடிக்கிறாங்க? போய்ப் பாத்துட்டு வா."

கடையில் மூட்டை இறக்கும் தேசப்பன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"ஃபோட்டோ மாட்டிக்கினு கீறாங்க மொதலாளி. அவங்க புள்ள ஃபோட்டோ. கதவு சைஸு கீது. அமெரிக்காவுல ஐஸு மேல நின்னுக்கினு கீறாரு."

சுயம்புலிங்கம் அளந்துகொண்டிருந்த ஜாக்கெட் துணியை அப்படியே விட்டுவிட்டார். வயிறு எரிந்தது. சும்மா இல்லை, தீபாவளிக் கூட்டத்தில் எதிர்க்கடைக்குப் போகிற வாடிக்கையாளரைப் பார்க்கிற மாதிரி எரிந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே ஊர், திருநெல்வேலிச் சீமை. தி.நகர் ரங்கநாதன் தெருவில் இவர் ஜவுளிக்கடை போட்டார். ஒட்டினாற்போல் அவர் எவர்சில்வர் பாத்திரக்கடை போட்டார். அவர் டியூப் லைட் போட்டால் இவர் ஃபேன் போடுவார். இவர் கடைக்குக் கண்ணாடிக் கதவு வைத்தால் அவர் கண்ணாடியில் தன் பெயரையும் எழுதி வைப்பார். இப்படிச் சரிக்குச் சரியாய் ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், போன வருஷம்தான் மாணிக்கவாசகம் ஒரேயடியாய் எகிறிக் குதித்தார். அவருடைய மகன் தவசிமுத்து, பி.காம்.மில் இரண்டு முறை கோட்டை விட்ட அந்தக் குண்டுப் பையன், மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான். மீனம்பாக்கத்தில் மாலை, தினசரியில் படத்தோடு 'வாழ்த்தி வழியனுப்புகிறோம்' விளம்பரம், எல்லாம் ஜாம் ஜாமென்று நடந்தது. சுயம்புலிங்கமும் ஒரு மாலை வாங்கிப் போட்டார். அதை முறுக்கிப் பிடித்துப் போட்டதை யாரும் கவனிக்கவில்லை.

இப்போது படம் வேறு. நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்கிற சாக்கில் போய்ப் பார்த்தார்.

பனிமலை. ஊசி ஊசியாய் மரங்கள். நடுவில் தவசிமுத்து, முழங்கால் வரை தொங்கும் கோட்டில், சிரித்துக்கொண்டு நிற்கிறான். கோட்டில் பெரிய பெரிய கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் சுயம்புலிங்கம் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

அது அவர் கடைத் துணி. லூதியானா புரோக்கர் ஒருத்தன் பேச்சில் மயங்கி வாங்கிய காப்பிப்பொடி நிறக் கம்பளி. மெட்ராஸ் வெயிலில் கம்பளியை யார் வாங்குவார்கள்? அந்துருண்டையைத் தின்றுகொண்டு பரணில் கிடந்தது. "பையன் குளிர் தேசம் போறான், கோட்டு தைக்கணும்" என்று மாணிக்கவாசகத்தின் மனைவி தங்கபுஷ்பம் வந்து நின்றபோது, விலையை ஏற்றிச் சொல்லி அவள் தலையில் கட்டிவிட்டோம் என்று ஒரு வாரம் சந்தோஷமாய்த் தூங்கினார். அந்தத் துணியை வாங்கியவர்கள் உலகத்திலேயே அவர்கள் மட்டும்தான்.

'என் கடைத் துணிக்கே அமெரிக்கா போற யோகம் இருக்கு. என் பிள்ளைக்கு இல்லையே!' என்று நெஞ்சு கொதித்தது.

"எந்த ஊர்ல படிக்கிறான் அண்ணாச்சி?" என்று கேட்டு வைத்தார்.

"அமெரிக்காதான்."

"அது தெரியும். அமெரிக்கால எந்த ஊரு?"

"நல்ல பெரிய ஊருதான்... ஏலே, அந்த அண்டாவை இறக்கு!" என்று மாணிக்கவாசகம் திரும்பிக்கொண்டார்.

திமிரைப் பார், ஊர்ப் பெயரைக்கூடச் சொல்ல மாட்டானாம் என்று பல்லைக் கடித்தபடி சுயம்புலிங்கம் திரும்பி வந்தார். வந்த நேரம், மயிலாப்பூர் மாமி ஒருத்தி புடவை பார்க்க உட்கார்ந்திருந்தாள். வாடிக்கையாக வருகிறவள்.

"பக்கத்துக் கடைல அந்தப் படத்தைப் பாத்தேளா? என்ன களை! எங்காத்துல எல்லாருக்கும் சொல்லணும். ஆமா, ஒங்க பிள்ளை என்ன பண்றான்?"

"என் பையனா? லண்டன் போறான் மாமி."

சொன்ன பிறகுதான் சொன்னோம் என்று தெரிந்தது. வாயைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் மாமி அதற்குள் எழுந்துவிட்டாள். நேராகப் பாத்திரக்கடைக்குப் போனாள். ஒரு தோசைத் திருப்பி வாங்கும் நேரத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

மாணிக்கவாசகம் ஓடி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லலையே! எப்பப் பயணம்?"

வாய் சிரித்தது, முகம் சுண்டிப் போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் சுயம்புலிங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த மயக்கத்தில், "அடுத்த மாசம்" என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டில் மகன் ஜவஹர் அப்போதுதான் ஒரு நல்ல செய்தியோடு காத்திருந்தான். சென்னையிலேயே, அவன் ஆசைப்பட்ட கல்லூரியில், எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் சேர வேண்டும். தாய் முத்துலட்சுமி கேசரி கிண்டியிருந்தாள்.

"கேசரி இருக்கட்டும். நீ லண்டன் போறே" என்றார் சுயம்புலிங்கம்.

"நான் அப்ளிகேஷனே போடலையேப்பா!"

"இனிமே போடு."

"இப்பப் போட்டா அடுத்த வருஷம்தான் பதில் வரும். எதுக்குப்பா லண்டன்? இங்கயே நல்லாச் சொல்லித் தர்றாங்க. நல்ல வாத்தியார், நல்ல லேபு."

"படிக்கிறதுக்கு இது போதும்லே. பக்கத்துக் கடைக்கு இது போதாது!"

"வாய் தவறிச் சொல்லிட்டேன்னு சொல்லிருங்களேன்" என்றாள் முத்துலட்சுமி.

"அவன் முன்னாடியா? அதுக்கு நான் கடையை இழுத்து மூடிட்டு ஊருக்குப் போயிருவேன்."

பொய்யை வாபஸ் வாங்க வழியில்லாமல் ஊர் வியாபாரிகள் சங்கம் பார்த்துக்கொண்டது. செயலாளர் தானாகவே தினசரியில் விளம்பரம் கொடுத்துவிட்டார். மாலைக்குச் சொல்லியாயிற்று, வேனும் பேசியாயிற்று. மானம் கப்பலேறாமல் இருக்க வேண்டுமானால் பையன் பிளேன் ஏறியே ஆக வேண்டும்.

அப்போதுதான் சுயம்புலிங்கத்துக்கு ஒரு யோசனை உதித்தது. லண்டன் போகிறவனும் முதலில் பம்பாய் பிளேனில்தானே ஏறுகிறான்? பம்பாயில் முத்துலட்சுமியின் தம்பி மளிகைக்கடை வைத்திருக்கிறான். பையன் ஒரு வருஷம் அங்கே இருக்கட்டும். அதற்குள் உண்மையான லண்டன் வந்துவிடும்.

"அப்போ என் காலேஜ் சீட்டு?" என்றான் ஜவஹர்.

"சீட்டு எங்க ஓடிப் போகுது?" என்றார் சுயம்புலிங்கம். அது ஓடித்தான் போகும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் மாணிக்கவாசகத்தின் சுண்டிப்போன முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மீனம்பாக்கத்தில் தவசிமுத்துவுக்கு விழுந்ததைவிட அதிக மாலை விழுந்தது. இரண்டு பேர் கூடுதலாகவே அழுதார்கள். முத்துலட்சுமி மட்டும் நிஜமாகவே அழுதாள். மாணிக்கவாசகம் முறுக்கிப் பிடித்து ஒரு மாலை போட்டார். அந்த முறுக்கலை சுயம்புலிங்கம் கவனிக்கத் தவறவில்லை. வாழ்நாளில் அவ்வளவு ஆனந்தமாய் அவர் இருந்ததில்லை.

ஆனந்தம் இரண்டாவது வாரமே முடிந்தது. சரக்குப் பிடிக்கப் பம்பாய் போன சங்கச் செயலாளர், ஊர்ப் பாசத்தில் அந்த மளிகைக்கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஜவஹர் கல்லாவுக்கு அடியில் சோப்புப் பெட்டிகளோடு பெட்டியாய் மடங்கிக் கிடந்தான். செயலாளர் ஊர்க்கதை பேசி முடித்துக் கிளம்பியதும் இவனும் கிளம்பிவிட்டான். சென்ட்ரலில் இறங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று பெரம்பூரிலேயே இறங்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

"நான் காலேஜுக்கே போறேன்ப்பா. இன்னும் ரெண்டு நாள் டயம் இருக்கு."

"பஸ்ல ஏறினா நம்ம தெரு ஆள் ஒருத்தனாவது இருப்பான். லண்டனுக்குப் போனவன் பன்னண்டாம் நம்பர் பஸ்ல தொங்குறான்னு சொன்னா நான் எங்கலே போய் முட்டிக்கிறது?"

ஜவஹர் கல்லூரிக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். சுயம்புலிங்கத்துக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு சுருக்கென்றது. பாவம் பிள்ளை, என்ன தப்புச் செய்தான்? ஆனால் மறுநாள் காலை கடையைத் திறக்கும்போது பக்கத்துக் கடையில் அந்தக் கதவு சைஸ் படம் சிரித்தது. சுருக்கென்றது மறந்து போயிற்று.

வீட்டில் வைத்திருக்க முடியாது. வேலைக்காரி வாய் சும்மா இராது. தேசப்பன்தான் கை கொடுத்தான்.

"நம்ம ஊட்டுக்கு அனுப்பு மொதலாளி. ஊரூர் குப்பத்துக்கு உங்க ஆளுங்க எவன் வரப் போறான்? நம்ம ஊட்டுக்காரி முத்தம்மா மீன் கொழம்பு வெச்சான்னா லண்டன்ல கூடக் கெடைக்காது."

அப்படியாக லண்டன் மாணவன் அடையாற்றுக்கு அந்தப் பக்கம், கடற்கரைக் குப்பத்தில் குடியேறினான். பொழுது போகாமல் வலை இழுத்தான், கட்டுமரம் தள்ளினான், உப்புக் காற்றில் கறுத்தான். வெளிநாடு போகிறவர்கள் வெளுத்து வருவார்கள் என்று கேள்வி. இவன் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே போனான். அவன் குப்பத்துக்குப் போன மறுநாளே கல்லூரியில் சேர வேண்டிய கடைசி நாள் வந்தது, போயிற்று. அன்று அவன் மீன்கூடச் சாப்பிடவில்லை என்று தேசப்பன் வந்து சொன்னான்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாணிக்கவாசகம் தினமும் காப்பி நேரத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார்.

"ஏன் அண்ணாச்சி, பையன் இன்னும் படம் அனுப்பலையா? எங்க தவசி கேக்காமலே அனுப்பிட்டான்."

"வரும் அண்ணாச்சி, வரும். படிப்பு அதிகம்."

சங்க ஆண்டு மலருக்கு லண்டன் படம் வேண்டும் என்றார் செயலாளர். கடைசியில் மயிலாப்பூர் மாமியும் வந்தாள்.

"ஏன் முதலாளி, லண்டன்ல ஃபோட்டோ புடிக்கறவாளே கெடையாதா? இல்லே, பிள்ளைதான் போகலையா?" என்று சொல்லிச் சிரித்தாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் பக்கத்துக் கடையில் அண்டா தட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

அன்று மத்தியானம் தேசப்பனைத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"தேசப்பா, இனிமே தாங்காது. ஒரு படம் வேணும். பனியில நிக்கிற மாதிரி. அவன் படத்தைவிடப் பெருசா."

"அட, இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? தின்னக்கேணில மெஹபூப் பாஷான்னு ஒரு பாய் கீறாரு. ஸ்டூடியோ வெச்சிருக்காரு. தாஜ்மகாலு, ஏரோப்ளேனு, ஐஸு மலை, இன்னா கேட்டாலும் பின்னால நிக்க வெப்பாரு."

ஒரு வெள்ளிக்கிழமை, மாணிக்கவாசகம் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மூன்று பேரும் திருவல்லிக்கேணிக்குப் போனார்கள். மாடியில் ஸ்டூடியோ. "நம்ம ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை மொதலாளி" என்று தேசப்பன் அறிமுகம் செய்து வைத்தான். மெஹபூப் பாஷா வாய் நிறைய வெற்றிலையோடு ஜவஹரை மேலும் கீழும் பார்த்தார்.

"கலரு தூக்கலா கீதே. பவுடர் ரெண்டு டப்பா ஆவும். எந்த ஊரு வேணும்? லண்டன்னா ஒரு பாலம் கீது, ஓரம் கிழிஞ்சிருக்கு. ஐஸு மலைன்னா பளிச்சுனு கீது."

"ஐஸே இருக்கட்டும்" என்றார் சுயம்புலிங்கம். "லண்டன்லயும் ஐஸு விழும்ல?"

"அப்பா, வேண்டாம்ப்பா. வீட்டுக்குப் போயிருவோம்" என்றான் ஜவஹர். "ஒரு வருஷப் படிப்புதான் போச்சு. போனது போகட்டும். உண்மையைச் சொல்லிருவோம்."

"இந்த ஒரு படம்தான்லே. அவன் முகம் ஒரு தடவை சுண்டட்டும். அப்புறம் நீ சொல்ற காலேஜ்ல, நீ சொல்ற படிப்பு."

பாஷா திரையை அவிழ்த்து விட்டார். பனிமலை இறங்கியது, ஊசி ஊசியாய் மரங்கள். எங்கேயோ பார்த்த மரங்கள் போலிருக்கிறதே என்று சுயம்புலிங்கத்துக்குத் தோன்றியது. பனிமலையில் எல்லா மரமும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார். தேசப்பன் தலையணைப் பஞ்சைப் பிய்த்துத் தரையில் பரப்பினான்.

"ஃபேன நிறுத்துப்பா, ஐஸு பறக்குது!" என்று பாஷா கத்தினார். பிறகு அலமாரியைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த ஒரு மூட்டையை எடுத்து ஜவஹரிடம் கொடுத்தார். "இத்தப் போட்டுக்க தம்பி. கோட்டு இல்லாத ஐஸு, ஐஸு மாரி இருக்காது."

குப்பென்று அந்துருண்டை வாசனை வந்தது. சுயம்புலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

ஜவஹர் உள்ளே காணாமல் போகிற அளவுக்குப் பெரிய கோட்டு. விரல் நுனி வரை மூடிய கை. காப்பிப்பொடி நிறம். பெரிய பெரிய கட்டம்.

சுயம்புலிங்கம் மெதுவாகக் கிட்டே போய்க் கோட்டின் நுனியைப் பிடித்துத் தடவினார். பிடித்த கையை எடுக்கவில்லை.

அவர் கோட்டைப் பிடித்தபடியே நிற்பதைப் பார்த்து மெஹபூப் பாஷா சிரித்தார். "இன்னா மொதலாளி, தொளதொளன்னு கீதேன்னு பாக்குறியா? பின்னாடி ரெண்டு பின்னு குத்திட்டா சரியாப் பூடும். உங்க பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி இங்க கொணாந்து, அவரு புள்ளைக்குப் போட்டு ஃபோட்டோ புடிச்சிட்டு, வூட்ல வெச்சா யாராவது பாத்துடுவாங்கன்னு என்கிட்டயே உட்டுட்டுப் போன கோட்டாச்சே!"