பாதிச் சுற்று

லாயத்து மூலை வந்ததும் துரை நின்றுவிட்டது. நின்றது மட்டுமா, கழுத்தைத் திருப்பி, "இறங்கலையா?" என்பதுபோல டாக்டரைப் பார்த்தது.

துரை என்பது குதிரை. டாக்டர் என்பவர் பல் டாக்டர். எத்தனையோ பேருடைய கடைவாய்ப் பல்லைக் கை நடுங்காமல் பிடுங்கியவர்தான். ஆனால் குதிரை என்றால் அவருக்குப் பயம். வழக்கமாக இந்த மூலையில் அவர் இறங்கிவிடுவார். இன்று இறங்க வழியில்லை.

விஷயம் இதுதான். குதிரை அவர் மனைவியுடையது. வீட்டுக்குப் பின்னால் மணல் கொட்டி, மரவேலி போட்டு, அவளே பார்த்துப் பார்த்துப் பழக்கியது. மழையில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கணுக்கால் முறிந்தபோது, "தினமும் ஓட்டலேன்னா பழகினதெல்லாம் மறந்துடும். பேசாம குதிரையேற்றப் பள்ளிக்காரம்மாகிட்ட கொடுத்துடலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்குக் கொடுக்கணும்? நான் ஓட்டறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

அன்று முதல் கிளினிக்குக் கிளம்புவதற்கு முன்னால் தினமும் சவாரி. மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் வலி விடவில்லை என்று அவள் மாடி ஜன்னலிலேயே உட்கார்ந்து பார்ப்பாள். அங்கிருந்து பார்த்தால் மைதானத்தில் பாதிதான் தெரியும். மீதியை லாயத்துக் கூரை மறைத்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தெரிகிற பாதியில் சிலை மாதிரி நிமிர்ந்து வருவார். கூரை மறைத்ததும் இறங்கி, காரட் ஒன்றைக் கொடுத்து, துரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போவார். அடுத்த மூலையில் கிளினிக்கின் பழைய ஸ்டூல் கிடக்கும். அதன்மேல் ஏறி, அங்கிருந்து குதிரைமேல் ஏறி, மறுபடியும் சிலையாகிவிடுவார்.

இன்றைக்குப் பார்த்து அவள் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டாள். வேலியோரம் நாற்காலி போட்டாயிற்று. பக்கத்து நாற்காலியில் பள்ளிக்காரம்மா.

"குதிரை எப்படி இருக்குன்னு அக்கா ஒருதரம் பாக்கட்டும். கெட்டுப் போயிருந்தா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்க," என்றாள் மனைவி.

இனி டாக்டர் முழுச் சுற்று வந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அவள் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள்.

குதிகாலால் மெல்லத் தட்டினார். துரை அசையவில்லை.

"போப்பா, ஒண்ணும் பண்ணாது. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றார். நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ஆனால் பயத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தார். கால் போ என்கிறது, கை நில் என்கிறது. துரை கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தது.

"என்னங்க, பின்னாடி போகுது?"

"நான்தான் போகச் சொன்னேன்."

"அதெல்லாம்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கீங்களா?"

"பின்ன? சும்மாவா தினமும் ஏறி இறங்கறேன்?"

ஏறி இறங்குவது உண்மைதான். அதற்குள் துரை வேலியில் போய் இடித்துக்கொண்டு நின்றது.

சட்டைப்பையில் காரட் இருப்பது டாக்டருக்கு ஞாபகம் வந்தது. மூக்குக்கு முன்னால் காட்டினால் நடந்துவிடும் என்று எட்டிக் குனிந்து நீட்டினார். காரட் கைதவறி மணலில் விழுந்தது. துரை அதை எடுக்கத் தலையைத் தாழ்த்தியது. டாக்டர் அந்தக் கழுத்து வழியாகச் சறுக்கிக்கொண்டே போய், பிடரி மயிரை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன பயிற்சி டாக்டர்?" என்று பள்ளிக்காரம்மா கேட்டார்.

"வணக்கம் சொல்லுது," என்றார் டாக்டர், இரண்டு காதுகளுக்கும் நடுவிலிருந்து.

"நீங்களும் சேர்ந்தே சொல்றீங்களே."

மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ பாவம், அழுகிறாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

துரை காரட்டைத் தின்றுவிட்டுத் தலையைத் தூக்கியது. டாக்டர் எப்படியோ பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தார். காரட் தின்றால் அடுத்து ஸ்டூல் என்பது துரைக்குத் தெரியும். நேராக அங்கே போய், ஸ்டூலை ஒட்டி நின்று, அவர் ஏறுவதற்காகக் காத்திருந்தது.

ஏற வேண்டியவர் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறார். இதைக் குதிரைக்கு எப்படிப் புரிய வைப்பது? உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, புதிதாக ஏறியவர் போலத் தொப்பென்று உட்கார்ந்து காட்டினார். துரை ஏமாறவில்லை. இன்னொரு தடவையும் காட்டினார். ஏமாறவே இல்லை.

"டேய் துரை," என்று கெஞ்சினார். "என் மானம் போனாப் போகட்டும். அவ உன்மேல உயிரையே வெச்சிருக்காடா. இன்னைக்கு ஒருநாள் நடந்துடுடா."

கடிவாளத்தை விட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். வேலிப்பக்கம் யாரோ நாக்கைச் சொடுக்குவது காதில் விழுந்தது.

துரை கிளம்பியது. சும்மா இல்லை, காலைத் தூக்கித் தூக்கி வைத்து, வேலியோரமாக ஒரு முழுச் சுற்று வந்தது. நடு மைதானத்தில் அழகாக வட்டம் போட்டது. கடைசியில் நாற்காலிகளுக்கு எதிரே வந்து நான்கு காலையும் நேராக வைத்து நின்றது. டாக்டர் செய்ததெல்லாம் விழாமல் இருந்ததுதான்.

"பிரமாதம். யார் பழக்கினது?" என்றார் பள்ளிக்காரம்மா.

"வேற யாரு? எல்லாம் இவர்தான்," என்றாள் மனைவி. அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் டாக்டருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, குற்றவாளி மாதிரியும் இருந்தது.

பள்ளிக்காரம்மாவை வழியனுப்பக் கார்வரைக்கும் போன டாக்டருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"உங்ககிட்ட மறைக்க மனசு வரல. நான் தினமும் பாதிச் சுத்துதான் ஏறி வருவேன். லாயத்துக்குப் பின்னாடி போனதும் இறங்கிடுவேன். அவளுக்குத் தெரிஞ்சா நொந்துபோயிடுவா. இனிமே முழுசா ஓட்டக் கத்துக்கறேன். குதிரையை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

பள்ளிக்காரம்மா காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியை இறக்கினார்.

"அவங்களுக்குத் தெரியாமத்தானா டாக்டர், காலையில நீங்க பண்றதைத் துரை மறக்கணும்னு அவங்க தினமும் மத்தியானம் ஏறி ஓட்டறாங்க? கால் எப்பவோ சரியாயிடுச்சு. அது தெரிஞ்சா நீங்க ஏறுறதை விட்டுடுவீங்க, அப்புறம் காலையில ஜன்னல்ல உட்கார்ந்து பாக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காதுன்னு, உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."