அடுப்படி ஏரி

பன்னீர்புரி என்றொரு தேசம். பன்னீரெல்லாம் பெயரோடு சரி. அங்கே மன்னரைத் தேர்தல் வைத்துத்தான் எடுப்பார்கள். நிற்பவர் ஒருவர்தான் என்பதால் குழப்பம் வராது. மேட்டில் அரண்மனை. அங்கே கை கழுவினாலும் கால் கழுவினாலும் மண்ணுக்கடியில் ஓடும் குழாய் அதைப் பள்ளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

பள்ளத்தின் கடைசி வீடு பவுனம்மாளுடையது. தலைப்பிரசவத்துக்கு மகள் வர இன்னும் எட்டே நாள். அந்த நேரம் பார்த்துக் குளியலறைத் துளை குபுகுபுவென்று பொங்கியது. மதியத்துக்குள் அடுப்படியில் முழங்கால் அளவு சாக்கடை.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நகரசபைக்கு ஓடினாள். தலைவர் கம்பீரராயர் மூக்கைப் பொத்திக்கொண்டே திருவாய் மலர்ந்தார்.

"அம்மணி, நமது ஆட்சியில் சாக்கடை அடைப்பு ஒழிக்கப்பட்டுவிட்டது. அதற்கு விழாவும் எடுத்தாயிற்று. ஆகவே உன் வீட்டில் நிற்பது சாக்கடையாக இருக்க வழியில்லை."

"அப்ப என்னங்கய்யா அது, பாயசமா?"

"ஆராய்வோம்."

ஆராய மூவர் குழு வந்தது. வாசலில் நின்றபடியே கழியை விட்டு ஆழம் பார்த்தது. தண்ணீர் உண்டு, கொசு உண்டு, தவளையும் ஒன்று உண்டு. ஆகவே இது ஏரி என்று ஒருமனதாக எழுதிக்கொடுத்தது. மறுநாளே 'அடுப்படி ஏரி' தேசத்தின் நூற்றோராவது நீர்நிலையாக முரசறைந்து அறிவிக்கப்பட்டது. அதற்கடுத்த நாள் பவுனம்மாளின் கதவில் ஓர் ஓலை ஒட்டியிருந்தது. ஏரிக்குள் வீடு கட்டியது ஆக்கிரமிப்பு. ஆறு நாளில் இடிக்கப்படும்.

"நான் எங்கங்கய்யா ஏரியில வீடு கட்டினேன்? ஏரிதானே என் வீட்டுக்குள்ள வந்துச்சு!" என்று ஒட்டிய அதிகாரியிடம் கத்தினாள்.

"ஏரிகள் தொன்மையானவை அம்மா. எது முந்தியது என்பதில் அரசுக்கு ஐயமில்லை."

பிள்ளை பெற வருகிறவளை எங்கே படுக்க வைப்பது? பவுனம்மாள் சாக்கில் மண்ணைக் கட்டித் துளையில் திணித்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றினாள். உள்ளே நின்றதை மூன்று நாள் வாளி வாளியாக இறைத்துக் கொட்டினாள்.

வழி அடைபட்ட சாக்கடை அடுத்த பள்ளத்தைத் தேடியது. அது கம்பீரராயரின் புது மாளிகை. நிஜமாகவே ஏரியாக இருந்த இடத்தைத் தூர்த்துக் கட்டியது. பூசையறையில் பொங்கிய அரை நாழிகையில் உறிஞ்சு வண்டிகள் நாற்பது வந்து நின்றன. கூடவே வந்த நகரசபை எழுத்தர் ஏட்டைப் பிரித்தார்.

"மாளிகை ஏரின்னு எழுதிக்கட்டுங்களா?"

"சாக்கடைய்யா! கண்ணு தெரியலையா உனக்கு? சாக்கடைன்னு எழுது!"

அன்று மாலையே மாளிகைப் பக்கத்து அடைப்பு மட்டும் நீங்கியது. பவுனம்மாள் அடுப்படியை மூன்று முறை கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நிம்மதியாக மூச்சு விட்டாள். மகளும் வந்து இறங்கினாள். பின்னாலேயே கடப்பாரை ஆட்களோடு அதிகாரி வந்தார். அடுப்படியை எட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

"ஏரி எங்கே? நீர்நிலையை அழித்திருக்கிறாய். பெருங்குற்றம்! மூன்று நாளில் பழையபடி நிரப்பி ஒப்படைக்காவிட்டால் சிறை."

பவுனம்மாள் மகளின் வயிற்றைப் பார்த்தாள்.

"எதைக் கொண்டுங்கய்யா நிரப்புவேன்?"

அதிகாரி கனிவோடு சிரித்தார். குளியலறைக்குள் போய், அம்மிக்கல்லைத் தன் கையாலேயே நகர்த்தி, துளையில் திணித்திருந்த சாக்கையும் உருவினார்.

"அந்தக் கவலை உனக்கெதற்கு? அதை அரசே இலவசமாக, வீடு தேடி வந்து வழங்கும்."