அய்யாத்துரை முடித்துவைத்த சீரியல்

அய்யாத்துரை தன் கல்யாணத் தேதியைக்கூட அவ்வளவு ஆவலாக எண்ணிக்கொண்டிருந்ததில்லை. தாராவியில் தோல்பை தைக்கும் காரகானா வைத்திருந்த அந்த ஐம்பத்து மூன்று வயது மனிதர், 2020 மார்ச் மாதத்தில் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். மே எட்டு, வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் ‘கோமளா நிலையம்’ முடிகிறது.

‘கோமளா நிலையம்’ பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருந்த சீரியல். திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஏழரை மணி. அந்த அரை மணி நேரத்தில் இடி விழுந்தாலும் அவர் மனைவி கனகவள்ளியின் காதில் ஏறாது. புருஷன் பசி என்றால் ஏறுமா? சனி பகவான்கூட ஏழரை வருடத்தில் ஆளை விட்டுவிடுவார். இந்த ஏழரை பதினோரு வருடமாகியும் விடவில்லை. கோமளாவுக்கு விஷம் வைத்த அன்று அய்யாத்துரைக்குச் சோறு வைக்கவில்லை. கோமளா ஜெயிலுக்குப் போன வாரம் ரசத்துக்குள் உப்புப் போகவில்லை. கோமளாவாக நடித்த பெண் கல்யாணமாகிப் போய், அதே பொட்டும் அதே புடவையுமாக வேறொருத்தி வந்து நின்றாளே, அன்றைக்கு வீட்டில் அடுப்பே எரியவில்லை.

அதனால், “இதுவே கடைசிப் பாகம், இன்னும் நாற்பதே எபிசோடு” என்று டிவியில் அறிவித்தவுடன் அய்யாத்துரை எழுந்து நின்று சபதம் செய்தார்.

“எழுதி வச்சுக்கோ. மே பதினொண்ணு, திங்கக்கெழமை, ஏழரை மணி. எனக்குத் தோசை. கல்லுலேருந்து நேரே தட்டுக்கு.”

“தாரேன். இப்பம் கொஞ்சம் தலைய நவுத்துங்க, கோமளா அழுவுதது தெரியல.”

பத்தே நாளில் நாடு பூட்டிக்கொண்டது. காரகானாவில் மெஷின்கள் நின்றன. சென்னையில் ஷூட்டிங்கும் நின்றது. எடுத்து வைத்திருந்த எபிசோடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்த டிவிக்காரர்கள், ஒரு வெள்ளிக்கிழமை கைவிரித்துவிட்டார்கள். அன்றைய கடைசிக் காட்சியில் யாரோ கதவைத் தட்டினார்கள். கோமளா திறந்தாள். கண்கள் விரிந்தன. கை வாய்க்குப் போனது.

“நீயா?” என்றாள். அப்படியே உறைந்துபோனாள்.

கொரோனா யாருக்கு வந்திருக்கிறது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. கனகவள்ளியும் எதிர்வீட்டு சைனப்பும் வாசலில் யார் வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சைனப் கடையநல்லூர்க்காரி. பதினோரு வருடமும் தன் வீட்டில் இருபத்துநாலு அங்குல டிவி இருக்க, கனகவள்ளியோடு சேர்ந்து அழுவதற்காகவே இங்கே வந்து பார்த்தவள். இப்போது அதுவும் முடியாது. ஆறடி இடைவெளி விடச் சொல்லியிருந்தது அரசாங்கம். அவர்கள் சந்தின் அகலமே நாலடி. மிச்ச இரண்டடிக்கு இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குள் பின்வாங்கி நின்று, அங்கிருந்தே பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை ஏழரைக்கு டிவியில் புது அறிவிப்பு வந்தது: “நேயர்களின் பேராதரவுடன் மீண்டும் முதல் எபிசோடிலிருந்து!”

அய்யாத்துரை அப்போதுதான் வெளியிலிருந்து வந்திருந்தார். ஊரடங்கு என்று பெயரே தவிர, அவர் ஒரு நாளும் அடங்கவில்லை. மத்தியானமானால் சட்டையை மாட்டிக்கொண்டு, போலீஸ்காரர்களின் டண்டா அடிக்குத் தப்பிச் சந்து சந்தாகப் புகுந்து, பூட்டிய காரகானாவுக்குள் பூலோகத்தோடும் இன்னும் நாலு பேரோடும் சீட்டாடப் போய்விடுவார். பூலோகம் பக்கத்துக் காரகானாக்காரர், முப்பது வருட சிநேகிதம். கனகவள்ளி முதல் நாள் கெஞ்சினாள். இரண்டாம் நாள் திட்டினாள். “சுகர் இருக்க ஒடம்பு. அந்தக் கிருமி மொதல்ல ஒங்களத்தான் புடிக்கும்” என்று மூன்றாம் நாள் அழுதாள். “ஆறு பேருக்கு ஒரு பேன் ஓடுது. காத்தோட்டமாத்தான் இருக்கோம்” என்று அவர் சொன்னார். நாலாம் நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது டிவியைப் பார்த்ததும் மனக்கணக்குப் போட்டார். முதலிலிருந்தா? இன்னும் பதினோரு வருடமா? அதற்குள் அறுபத்து நாலு வயதாகிவிடுமே! தோசையைக் கடிக்கப் பல் இருக்குமா?

யோசித்தார். கதையின் முடிவு தெரியாததால்தானே இந்தத் தவிப்பு? நாமே முடித்துவிட்டால்? மூன்றே நாள். எல்லாரையும் சேர்த்துவைத்து, சுபம் போட்டு, டிவியையும் அணைத்துவிடலாம்.

மறுநாள் காலையில் காப்பியை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார்.

“நமக்கு ஜிப்பு சப்ளை பண்ணுத மெட்ராஸ் மகேஷ்குமார் இருக்கான்லா? அவன் அந்த சீரியலுக்குக் கதை எழுதுதவனோட ஒரே மாடியில குடியிருக்கானாம். மிச்சக் கதை பூரா அவனுக்கு அத்துப்படி. நேத்து போன்ல சொன்னான்.”

கனகவள்ளி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு நிமிடம் பார்த்தாள்.

“நெசமாவா?”

“பக்கா.”

“அப்பம் சாயங்காலம் ஏழரைக்குச் சொல்லுங்க. சைனப்பையும் வாசலுக்கு வரச் சொல்லுதேன்.”

இவ்வளவு லேசாக விழுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மாலையில் டிவி அணைக்கப்பட்டது. எதிர் வாசலில் சைனப், அதற்கு மேல் மாடி ஜன்னல்களில் இன்னும் மூன்று முகங்கள், எல்லாம் முகமூடியோடு. அய்யாத்துரை தொண்டையைக் கனைத்தார்.

“வாசல்ல நின்னது தபால்காரன்.”

சந்து கொந்தளித்தது.

“தபால்காரனப் பாத்து எவளாவது ‘நீயா’ன்னு கேப்பாளா, அண்ணாச்சி?” என்றாள் சைனப்.

“அவசரப்படாத. தபால்காரன் வேஷத்துல… அவ புருஷன்.”

“அவன்தான் மலையிலேருந்து விழுந்துட்டானே? ஆறு வருசமாச்சே?” என்றாள் கனகவள்ளி.

“விழுந்தான். செத்துட்டான்னு ஒங்களுக்கு யார் சொன்னா?”

சந்து அமைதியானது. “யா அல்லாஹ்!” என்று சைனப் நெஞ்சில் கை வைத்தாள். மாடி ஜன்னலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். காரகானாவில் இருபது பேரை அதட்டியபோதும் கிடைக்காத அமைதி அது. அய்யாத்துரைக்கு உச்சந்தலையில் ஐஸ் வைத்தது போல இருந்தது. அதுதான் அவர் சறுக்கிய இடம்.

மூன்றாம் நாள் திட்டப்படி எல்லாரையும் ஒரே போட்டோவில் நிறுத்தி, “சுபம்” என்றார்.

“அப்பம் கோமளா தங்கச்சி கோர்ட்டுல போட்ட கேசு?” என்றாள் கனகவள்ளி.

“எந்தக் கேசு?”

“எந்தக் கேசா? மகேஷ்குமாரு சொல்லலையா?”

அய்யாத்துரை விழித்தார். “சொன்னான், சொன்னான். அது நாளைக்கு வருது.”

நாளைக்கு வந்தது. கேசிலிருந்து ஒரு வக்கீல் வந்தான். வக்கீலுக்கு ஒரு மனைவி வந்தாள். மனைவிக்கு இரட்டைக் குழந்தைகள் வந்தன. அவர் ஒரு கதவைச் சாத்தினால் கனகவள்ளி இரண்டு கதவைத் திறந்தாள். அவர் ஆளைக் கொன்றால் சைனப் பிணத்தைக் காட்டச் சொன்னாள். சாயங்காலம் மாட்டிக்கொள்ளக்கூடாதே என்று அவர் பகல் முழுக்க யோசிக்க வேண்டியதாயிற்று. காரகானாவின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் கோமாவில் இருக்கிறார்கள் என்று கோடு போட்டு எழுதி வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் பழைய நினைப்பில் சட்டையை மாட்டினார். கனகவள்ளி தடுக்கவில்லை.

“போயிட்டு வாங்க. ஆனா அந்த ரெட்டப் பிள்ளையள்ல மூத்தது எதுன்னு சைனப்பு கேட்டா. முந்தாநாளு ஒண்ணு சொன்னிய, நேத்து ஒண்ணு சொன்னிய. ‘அண்ணாச்சிக்குக் கதை தெரியாது போல’ன்னு மாடியில சிரிக்காளுவ.”

“எவ சிரிச்சா?”

சட்டை ஆணிக்குத் திரும்பியது. நோட்டு பிரிந்தது.

பூலோகம் போன் போட்டார். “என்னவே, ஆளயே காணோம்? ஒரு கை கொறையுதுவே.”

“இன்னைக்கு முடியாதுவே. கோமளாவுக்கு இன்னைக்குத் தீர்ப்பு.”

மறுமுனையில் போன் மெதுவாக வைக்கப்பட்டது. பாவம், வீட்டில் அடைந்து கிடந்து மூளை கலங்கிவிட்டது என்று பூலோகம் நினைத்திருக்க வேண்டும்.

தோசை விஷயமும் அவர் நினைத்தபடி நடக்கவில்லை. “ஏழரைக்குக் கதை சொல்லுதிய. வாயி ஒரு நேரத்துல ரெண்டு வேல பாக்குமா?” என்று கேட்டு, கனகவள்ளி எட்டேகாலுக்குத்தான் தட்டு வைத்தாள். இடையிடையே, “யோசிக்கும்போது கை சும்மாதானே இருக்கு” என்று பூண்டு உரிக்கக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் அரிசி களைவதும் அவருடைய இலாகாவுக்கு வந்து சேர்ந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை, காரகானா இருந்த சந்தில் வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சீட்டாடிய ஐந்து பேரையும் கூட்டிப்போனார்கள். நாலு பேர் ஒரு பள்ளிக்கூடத்தில் தரையில் பாய் விரித்துப் பதினான்கு நாள் படுத்திருந்தார்கள். பூலோகத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். அவரும் அய்யாத்துரையைப் போலச் சுகர்க்காரர்தான். பதினெட்டாம் நாள் போன் வந்தபோது, முப்பது வருடம் சத்தமாகவே பேசிப் பழகிய மனிதர் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார்.

“நீ… வராதது… நல்லதுவே.”

அய்யாத்துரை போனை வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கோமளாதான் என்னக் காப்பாத்தியிருக்கா, கனகு.”

கனகவள்ளி குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். “ஆமா. அவ நல்லவ” என்றாள்.

அன்று மாலையும் ஏழரைக்குக் கதை சொன்னார். அந்த எபிசோடில் யாரையும் கொல்லவில்லை.

இப்படியே எண்பத்து மூன்று எபிசோடு போனது. ஜூலைக் கடைசியில் ஷூட்டிங் மறுபடி ஆரம்பித்து, டிவியில் அசல் ‘கோமளா நிலையம்’ திரும்பி வந்தது. ஏழு இருபதுக்கே டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் அய்யாத்துரைதான்.

கோமளா கதவைத் திறந்தாள். “நீயா?” என்றாள். நாலு மாதத்தில் கொஞ்சம் பூசியிருந்தாள். வாசலில் நின்றவன் முகமூடியைக் கழற்றினான். நாத்தனாரின் டிரைவர்!

“டிரைவரா?” அய்யாத்துரை துள்ளி எழுந்தார். “எவன்டே இத எழுதுனது? டிரைவருக்கும் கோமளாவுக்கும் என்ன சம்பந்தம்? புருஷன் எங்க? ரெட்டப் பிள்ளைய எங்க?”

“ரெட்டப் பிள்ளைய ஒங்க நோட்டுல இருக்கு. உக்காருங்க.”

“கதைய மாத்திட்டானுவ, கனகு! இப்பவே மகேஷ்குமாருக்குப் போன் போட்டுக் கேக்கேன்.”

“போடாதிய. அந்த அண்ணன் பாவம்” என்றாள் கனகவள்ளி. டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்க சொன்ன அன்னைக்கே நான் போட்டாச்சு. ஊரடங்குக்கு முன்னாடியே விருதுநகருக்கு மாமியார் வீட்டுக்குப் போனவரு அங்கனயே மாட்டிக்கிட்டாராம். ‘எனக்கு ஜிப்புதான் தங்கச்சி தெரியும், சீரியல் தெரியாது’ன்னாரு.”

அய்யாத்துரையின் வாய் ஜிப்பு போட்டது போல மூடிக்கொண்டது.

“அப்பம்… நான் சொன்னது பூரா என் சொந்தச் சரக்குன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தபால்காரன்னு சொல்லும்போதே சந்துக்கே தெரியும்.”

“பொறவு எதுக்கு அந்தக் கேசு, ரெட்டப் பிள்ளை, மூத்தது எது, எளையது எதுன்னு…”

“கேட்டது சைனப்பு. கேக்கச் சொன்னது நானு. சாயங்காலம் கதை சொல்லணும்னா பகல்ல யோசிக்கணும். யோசிக்கணும்னா வீட்ல இருக்கணும். நான் அழுது பாத்தேன், நீங்க இருக்கல. மாடியில நாலு பேரு சிரிச்சாளுவன்னதும் இருந்துட்டிய.”

எதிர் வாசலில் சைனப் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அய்யாத்துரை உட்கார்ந்தார். மூக்கில் குழாயோடு கிடந்த பூலோகம் ஒரு கணம் நினைவுக்கு வந்து போனார். கோபப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தார், வரவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் வேறொன்று அரித்துக்கொண்டே இருந்தது. எண்பத்து மூன்று எபிசோடு. நோட்டு முழுக்கக் கோடு. அடக்க முடியாமல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அது கெடக்கட்டும். நெசத்தச் சொல்லு. நம்ம கதை எப்படி இருந்துச்சு?”

விளம்பரம் வந்திருந்தது. கனகவள்ளி நிதானமாக அவர் பக்கம் திரும்பினாள்.

“கதைய யாரு கேட்டா? ஒங்க சத்தம் வீட்டுக்குள்ளேருந்து வருதான்னுதான் கேட்டேன்.”