சிரிப்பில் தெரியாத பல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன்பின் வெகுகாலம் களைப்பாறிவிட்டு, எங்கள் தெருமுனைப் பல் டாக்டரைக் கண்டுபிடித்தது. அவரை நான் நேரில் தரிசித்தவள், கண்ணுகளா. பொறாமைப்படாதீர்கள். உங்களுக்கும் பல் இருக்கிறதல்லவா, வேளை வரும்.

என் தங்கை தையல்காரி. இடப்பக்கக் கடைவாய்ப்பல் மூன்று நாளாக அவளைப் படுத்தி எடுத்தது. கன்னம் பஞ்சு திணித்த தலையணையாகிவிட்டது. தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. மிஷினை மிதித்தால் அந்த அதிர்வு நேரே பல்லுக்குப் போகிறதாம்.

"பிடுங்கித் தூரப் போட்டா போதும்க்கா," என்று அழுதாள். கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த இடத்தை ஆஸ்பத்திரி என்று சொல்லக்கூடாது. 'புன்னகை நிலையம்'. டாக்டர் முதலில் தம் கருவிகளை, பெற்ற பிள்ளைகளைக் காட்டுவதுபோல் காட்டினார்.

"இது போன வாரம் வந்த கேமரா. இது அதுக்கு முந்தின வாரத்துக் கேமரா. பாவம், வயசாயிடுச்சு."

"டாக்டர், என் பல்லு..."

"திறங்க. ஆஹா!"

சுவரில் இருந்த திரை முழுக்க என் தங்கையின் முன்பல் எழுந்து நின்றது. அதன் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு.

"என்னம்மா இது?"

"நூல் கடிச்சுக் கடிச்சு விழுந்ததுங்க. அதுல வச்சா நூல் டக்குனு அறுந்துடும். வலி அங்க இல்ல, இங்க."

"இத்தனை வருஷமா இதை யாருமே கவனிக்கலையா?" டாக்டரின் குரல் தழுதழுத்தது. இப்படி ஒரு கருணையை நான் கண்டதில்லை.

"வலி பின்னாடிங்க," என்றேன்.

"மேடம், சிரிச்சா எட்டுப் பல்லுதான் தெரியும். மிச்சமெல்லாம் பின்னணி."

"பின்னணிதாங்க வலிக்குது," என்றாள் தங்கை.

"பிடுங்கற குறடு ஒண்ணு இருக்குமே?" என்று கேட்டுவிட்டேன், நாகரிகமில்லாமல்.

"குறடா! அந்தக் கற்கால ஆயுதத்தைப் போன வருஷமே வெளியே போட்டாச்சு."

முன்பல் வெட்டை எந்த நிறத்தால் அடைப்பது என்று உடனே அவசரக் கூட்டம் கூடியது. டாக்டரும் வரவேற்பறைப் பெண்ணும் கலந்துகொண்டார்கள். வெள்ளையில் பத்தொன்பது வகை உண்டாம். 'முத்து வெள்ளை'க்கு ஒரு வாக்கு, 'பனி வெள்ளை'க்கு ஒரு வாக்கு. இழுபறி. கடைசியில் ஒரு கருவியிடம் கேட்டார்கள். அது பனி என்றது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"எழுந்து வாடி, போகலாம்," என்று காதோடு சொன்னேன்.

"பேசாம இரு அக்கா. நான் முன்பக்கம் தைச்சுட்டுத்தானே பின்பக்கத்துக்குப் போறேன்? அவரும் வரிசையா வருவாரு."

பாவி மகள், எல்லாரும் தன்னைப் போலவே வேலை செய்வார்கள் என்று நம்பினாள்.

ஒரு மணி நேரத்தில் வெட்டு அடைபட்டது. பிறகு நிலையத்துக்காகப் படம். "சிரிங்க," என்றார் டாக்டர். அவள் முகம் கோணியது. மறுபடி. மறுபடி. பதினாலு தடவை.

"சிரிப்பு வரமாட்டேங்குதேம்மா!"

"வலிக்குதுய்யா!"

அப்போதுதான் டாக்டர் அந்த வலியை முதன்முதலாக மதித்தார். "அடடா, படத்துல விழுதே!" என்று பதறி, மரத்துப்போகும் ஊசியைப் போட்டார். பாதி உதடு தொங்கிவிட்டது. மீதிப் பாதியால் சிரித்தாள்.

"பிரமாதம்! தொங்கறதை கம்ப்யூட்டர்ல தூக்கிடலாம்."

"அழுத்து பின்பழ்ழுதானே?" என்று குழறினாள் தங்கை.

"முடிஞ்சுதும்மா. வாழ்த்துகள்!" வரவேற்பறைப் பெண் கைதட்டினாள்.

வீட்டுக்கு வருவதற்குள் மரப்பு போய்விட்டது. தெருவில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்படியே பொது ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு திரைகூட இல்லை. ஒரு டாக்டரம்மா, "எந்தப் பல்லும்மா?" என்று கேட்டார். பட்டிக்காட்டுத்தனமான கேள்வி. விரலால் தொட்டுப் பார்த்தார், மரக்க வைத்தார், குறட்டால் பிடுங்கினார். வீக்கத்துக்கு நாலு நாள் மாத்திரை. சிரிக்கச் சொல்லவே இல்லை.

இப்போது தங்கை நிம்மதியாக மிஷினை மிதிக்கிறாள். நூலைக் கடித்தால்தான் வழுக்குகிறது. "பனி இல்லையா, வழுக்கத்தான் செய்யும்," என்று தானே சொல்லிக்கொண்டு கத்தரிக்கோலைத் தேடுகிறாள்.

நேற்று சீருடைகளைக் கொடுத்துவிட்டு வரும்போது, தெருமுனையில் பெரிய பலகை. அதில் அவள் முகம், மாடி உயரத்துக்கு. நின்றுவிட்டாள்.

"அக்கா, அன்னிக்கு என் கன்னம் எப்படி உப்பியிருந்துச்சு! இதுல வீக்கமே காணோமே?"

எனக்கு என் மேலேயே வெட்கமாகிவிட்டது. அந்த நல்ல மனிதரை இத்தனை நாள் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! வீக்கத்துக்கும் அவர் வைத்தியம் பார்த்துத்தான் இருக்கிறார், கண்ணுகளா. படத்தில்.