மழை மிஸ்ஸி வந்தால் எல்லோருக்கும் நோவு

மழை மிஸ்ஸி கால் வைத்த வார்டில் சுகமாக இருந்தவர் என்று ஒருவரும் கிடையாது. காலை முழுக்கக் கொட்டாவி விட்டுப் படுத்திருந்தவர்களுக்கும் அவர் வந்த உடனே இடுப்பு வலிக்கும், காது இரையும், நெஞ்சு எரியும்.

மாத்தளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கிளாக்கர். தாதிமாரை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்போம். நோயாளிகள் என்ன கேட்டார்கள், மிஸ்ஸிமார் என்ன செய்தார்கள் என்று கம்ப்யூட்டரில் போட்டால், அடுத்த மாதம் எத்தனை மிஸ்ஸிமார் வேண்டும் என்று அது சொல்லும். மழை மிஸ்ஸி டியூட்டி என்றால் திரையில் வேலை அளவைக் காட்டும் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

“அவ ராசி அப்படி. வந்தாலே கொட்டுது!” என்று வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். பட்டப்பெயர் வைத்தவரும் அவர்தான்.

ராசியாவது ஒன்றாவது! எல்லாம் பிடிவாதம். வயதான ஆண்கள் எல்லோருமே, பெற்ற தகப்பனைப் போல, அவருக்கு ‘வாப்பா’தான். “ஒண்ணுமில்லாமலா ஆஸ்பத்திரிச் சோறு திங்க வந்தீங்க, வாப்பா? சொல்லாம நான் நகரமாட்டேன்” என்று இடுப்பில் கை வைத்து நிற்பார். தொல்லை தாங்காமலே ஆட்கள் உண்மையைக் கக்கிவிடுவார்கள்.

மகள் கல்யாணத்துக்கு அவர் லீவில் போனார். வார்டு அடங்கிவிட்டது. வேலை குறைவு, ஒரு மிஸ்ஸியைக் குறைக்கலாம் என்றது கம்ப்யூட்டர். தூரத்து வில்கமுவ ஆஸ்பத்திரிக்கு யாரை மாற்றலாம் என்று ஆபீசில் பேச்சும் கிளம்பியது. ஆனால் இருப்பவர்களே ஓட்டமும் நடையுமாக அல்லாடினார்கள். இன்னொருவரும் போனால் வார்டு என்னாவது?

மருதாணிக் கையோடு திரும்பி வந்த மழை மிஸ்ஸி, காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரியவர் முன்னால் போய் நின்றார்.

“எங்க நோவுது, வாப்பா?”

“ஒண்ணுமில்லீங்க மிஸ்ஸி.”

மிஸ்ஸி நகரவில்லை. பெரியவர் கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“குதிகால் எரியுதுங்க. கொஞ்ச நாளாவே.”

மாவுக்கட்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே புண். நல்லவேளை, காலுக்கு ஆபத்து வரும் முன்பே பார்த்துவிட்டார்கள்.

“ஏன் ஐயா யார்கிட்டயும் சொல்லல?” என்றார் பெரிய சிஸ்டர்.

“புள்ளைங்க தண்ணிகூட குடிக்காம ஓடுதுங்க. நானும் எதுக்குங்க தொந்தரவு குடுக்கணும்?”

மிஸ்ஸிமார் ஓட ஓட இந்த ஜனம் வாயை மூடிக்கொள்கிறது. அதைத்தான் கம்ப்யூட்டர் வேலையில்லை என்று எடுத்துக்கொண்டது. அந்த இரக்கத்தை எந்தக் கட்டத்தில் நான் பதிவது? சிஸ்டர் நேரே ஆபீசுக்குப் போய், “என் வார்டுல ஒருத்தியக்கூட விடமாட்டேன்!” என்று சண்டை பிடித்தார். யாரும் மாற்றலாகவில்லை.

போன வருடம் மழை மிஸ்ஸி ஓய்வு பெற்றார். சந்தையில் அவரைக் கண்டால், மனைவியிடம்கூடச் சொல்லாததையெல்லாம் மரக்கறிக் கடை முன்னால் நின்று கொட்டிவிடுகிறேன். அவரைக் காணாத வாரத்தில்தான் எனக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது.